வில்லியம் லயனல் வைலி

வில்லியம் லயனல் வைலி (ஜூலை 5, 1851 - ஏப்ரல் 6, 1931) இங்கிலாந்தைச் சேர்ந்த புகழ்பெற்ற கடல்சார் ஓவியர் ஆவார். நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம், செப்புத்தகட்டு அச்சோவியம் ஆகிய மூன்றிலும் இவர் வல்லவராக இருந்தார். பாய்மரக் கப்பல்கள் மறைந்து நீராவிக் கப்பல்களும் எஃகுப் போர்க்கப்பல்களும் கடலை நிரப்பிய காலத்தில் வாழ்ந்த இவர், அம்மாற்றத்தைத் தம் ஓவியங்களில் தொடர்ந்து பதிவு செய்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் அனுமதியுடன் போர்க்கப்பல்களை நேரில் கண்டு வரைந்தார். நங்கூரமிட்டு நிற்கும் போர்க்கப்பல்களைக் காட்டும் இவரது நீர்வண்ண ஓவியங்கள் இன்று வரலாற்று ஆவணங்களாகவும் கருதப்படுகின்றன. நெல்சனின் கொடிக்கப்பலான விக்டரியைப் பாதுகாக்கும் இயக்கத்திலும் இவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

இளமை

வைலி லண்டனில் ஓர் ஓவியக் குடும்பத்தில் பிறந்தார். இவரது தந்தை வில்லியம் மாரிசன் வைலி ஓர் ஓவியர். தாயார் கேத்தரின் பென்ஹாம் ஒரு பாடகி. ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணனான லயனல் பெர்சி ஸ்மைத் என்பவரும், இளைய சகோதரரான சார்லஸ் வில்லியம் வைலியும் பிற்காலத்தில் ஓவியர்களாகப் பெயர் பெற்றனர்.

குடும்பத்தினர் கோடைக்காலங்களைப் பிரான்சு நாட்டின் வடகரையில், பூலோன் நகருக்கு அருகிலுள்ள விமெரோ என்னும் கடற்கரை ஊரில் கழிப்பது வழக்கம். அங்குதான் சிறுவன் வைலிக்குக் கடலும் படகுகளும் பழக்கமாயின. படகு ஓட்டவும், காற்றின் திசையறிந்து பாயைத் திருப்பவும், ஓதங்களைக் கணிக்கவும் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டார். கரையில் நின்று கடலைப் பார்த்தவராக அன்றி, கடலில் இருந்தபடியே அதைப் பார்த்தவராக இவர் வளர்ந்தது பிற்கால ஓவியங்களுக்கு அடிப்படையாக அமைந்தது.

லண்டனில் ஹெதர்லி ஓவியப் பள்ளியில் பயின்ற பின்னர், 1866 ஆம் ஆண்டில், தமது 15 ஆம் வயதில், அரச கலைக்கழகப் பள்ளியில் சேர்ந்தார். 1869 இல், புயலுக்குப் பிந்தைய விடியலைக் காட்டும் ஓவியத்திற்காக அப்பள்ளியின் டர்னர் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். அப்போது இவருக்கு வயது 18. ஆங்கிலக் கடல் ஓவியத்தின் பெரும் முன்னோடியான டர்னரின் பெயரால் அமைந்த இப்பதக்கம் பொருத்தமான ஒன்றாகவே அமைந்தது. டர்னரைப் பற்றி வைலி பின்னாளில் ஒரு நூலே எழுதினார்.

தேம்ஸ் ஆற்றின் ஓவியர்

1870களில் வைலி 'தி கிராஃபிக்' என்னும் வார இதழுக்குக் கடல் தொடர்பான படங்களை வரைந்து வந்தார். ஒளிப்படங்களை நேரடியாக அச்சிடும் வசதி இதழ்களுக்கு இல்லாத காலம் அது. ஓவியர் வரைந்ததை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டனர். கப்பல் விபத்துகள், மீட்புப் படகுகள், துறைமுகக் காட்சிகள் முதலியவற்றை விரைவாகவும் பிழையின்றியும் வரைய வேண்டியிருந்தது. இப்பணி தந்த பயிற்சி இவரது கைக்கு வேகத்தையும் கண்ணுக்குக் கூர்மையையும் அளித்தது.

1879 இல் மரியன் ஏமி கரூ என்பவரை மணந்தார். மரியன் ஒரு எழுத்தாளர். கணவருடன் இணைந்து நூல்கள் உருவாக்கினார். இவர்களின் மூத்த மகன் ஹரால்டு வைலியும் (1880 - 1973) பின்னாளில் கடல்சார் ஓவியரானார்.

இக்காலத்தில் வைலியின் முதன்மையான கருப்பொருள் லண்டன் நகரின் தேம்ஸ் ஆறு. அதே ஆற்றை விஸ்லர், மோனே போன்ற ஓவியர்களும் வரைந்தனர். அவர்கள் மூடுபனியையும் ஒளியையும் முதன்மைப்படுத்தினர். வைலியோ ஆற்றின் உழைப்பை வரைந்தார். நிலக்கரிப் படகுகள், இழுவைக் கப்பல்கள், புகைபோக்கிகள், சுமையிறக்கும் தொழிலாளர்கள் ஆகியோரே இவரது ஓவியங்களை நிரப்பினர். 1883 இல் காட்சிப்படுத்தப்பட்ட, உழைப்பும் பளபளப்பும் அழுக்கும் செல்வமும் ஓதத்தோடு பாய்வதாகத் தலைப்பிடப்பட்ட பெரிய எண்ணெய் வண்ண ஓவியம் இவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. சான்ட்ரி அறக்கொடை நிதியின் மூலம் நாட்டுடைமையாக வாங்கப்பட்ட இவ்வோவியம் இப்போது டேட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

மெட்வே ஆறும் கடலும்

1880களின் நடுவில் குடும்பம் கெண்ட் மாவட்டத்தின் மெட்வே ஆற்றங்கரைக்குக் குடிபெயர்ந்தது. சாத்தம் கடற்படைத் தளமும், ஆற்றின் முகத்துவாரத்தில் ஷீர்னஸ் துறையும் அருகில் இருந்தன. பழைய மரக் கப்பல்கள் உடைக்கப்படுவதையும், புதிய இரும்புக் கப்பல்கள் கட்டப்படுவதையும் வைலி ஒரே ஆற்றில் கண்டார். பழைய சரக்குப் படகு ஒன்றை வாங்கி, அதை மிதக்கும் ஓவியக்கூடமாக மாற்றிக்கொண்டார்.

1889 இல் அரச கலைக்கழகத்தின் இணை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1890 இல் கடலின் அடித்தளத்தைக் காட்டும் ஓர் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். நீருக்கடியில் ஒளி எவ்வாறு விழுகிறது என்பதை அறிய, பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றைத் தலைக்கவசமாக மாற்றி இவர் நீரில் மூழ்கிப் பார்த்ததாகக் கூறுவர்.

1899 இல் இவர் வரைந்த நைல் போர் பற்றிய ஓவியம் இங்குக் குறிப்பிடத்தக்கது. 1798 ஆகஸ்டில் எகிப்தின் அபூகிர் விரிகுடாவில், வரிசையாக நங்கூரமிட்டு நின்ற பிரெஞ்சுக் கப்பற்படையை நெல்சன் தாக்கினார். 13 பெரும் போர்க்கப்பல்களில் 11 கைப்பற்றப்பட்டன அல்லது அழிந்தன. நங்கூரமிட்டு நிற்கும் கப்பற்படை பார்ப்பதற்கு எவ்வளவு வலிமையாகத் தோன்றினாலும், அது எளிதில் தாக்கக்கூடிய இலக்காகவும் இருக்கும் என்பதற்கு இப்போர் பெயர்பெற்ற எடுத்துக்காட்டாகும்.

1901 இல் கடல் காட்சிகளை நீர்வண்ணத்தில் வரைவது பற்றிய கையேடு ஒன்றை வைலி வெளியிட்டார்.

போர்ட்ஸ்மவுத்

1907 இல் வைலி அரச கலைக்கழகத்தின் முழு உறுப்பினரானார். ஏறத்தாழ அதே காலத்தில் குடும்பம் போர்ட்ஸ்மவுத் நகருக்குக் குடிபெயர்ந்தது. துறைமுகத்தின் வாயிலிலேயே அமைந்த இவரது வீடு 'கோபுர வீடு' என அழைக்கப்பட்டது. துறைமுகத்திற்குள் வரும், வெளியே செல்லும் ஒவ்வொரு கப்பலும் அவ்வீட்டைக் கடந்தே செல்ல வேண்டும். ஓவியக்கூடத்தில் இருந்தபடியே கப்பல்களை வரைய இது வாய்ப்பளித்தது.

பிரித்தானியக் கடற்படை விரைவாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. கருமை, வெண்மை, இளமஞ்சள் ஆகிய வண்ணங்களில் இருந்த போர்க்கப்பல்கள் 1900களின் தொடக்கத்தில் முழுவதும் சாம்பல் நிறத்திற்கு மாற்றப்பட்டன. பிப்ரவரி 10, 1906 அன்று போர்ட்ஸ்மவுத்தில் டிரெட்நாட் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. 12 அங்குல பீரங்கிகள் பத்தும் நீராவிச் சுழலிகளும் கொண்ட இக்கப்பல், மணிக்கு 21 கடல்மைல் வேகத்தில் செல்லக்கூடியது. அதற்கு முந்தைய போர்க்கப்பல்கள் அனைத்தையும் இது ஒரே நாளில் பழையனவாக்கியது. இதனால் பிரித்தானியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே கப்பல் கட்டும் போட்டி தீவிரமடைந்தது.

வைலி கடற்படை அதிகாரிகளுடன் நெருங்கிய நட்புக் கொண்டிருந்தார். போர்ட்ஸ்மவுத்தில் சிறுவர்களுக்கான கடற்சாரணர் குழு உருவாகவும் துணைநின்றார்.

முதல் உலகப்போர்

ஜூலை 1914 இல் போர்ட்ஸ்மவுத்திற்கு எதிரே உள்ள ஸ்பிட்ஹெட் கடற்பரப்பில் பிரித்தானியக் கப்பற்படையின் பெரும் அணிவகுப்பு நடைபெற்றது. சில நாட்களிலேயே அக்கப்பல்கள் ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னித் தீவுகளுக்கு நடுவிலுள்ள ஸ்காப்பா ஃபுளோ என்னும் இயற்கைத் துறைக்கு அனுப்பப்பட்டன. போர் தொடங்கியபோது வைலிக்கு வயது 63. இருப்பினும் கடற்படையின் அனுமதி பெற்று அதன் கப்பல்களில் பயணம் செய்து வரைந்தார்.

போர் இவரது குடும்பத்தையும் விடவில்லை. மகன்களில் ராபர்ட் 1914 இலும், வில்லியம் 1916 இல் சோம் போரிலும் களத்தில் உயிரிழந்தனர். மூத்த மகன் ஹரால்டு அரச பறக்கும் படையில் பணியாற்றி உயிருடன் திரும்பினார். வைலி இக்காலத்திலும் தம் பணியை நிறுத்தவில்லை. 1915 இல் நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்ட லூசிட்டானியா பயணிகள் கப்பலின் அழிவு பற்றிய இவரது ஓவியத்தில், பீரங்கியோ கொடியோ முதன்மை பெறவில்லை. நீரில் தத்தளிக்கும் மனிதர்களும் உயிர்காப்புப் படகுகளுமே அதில் இடம்பெற்றன.

மே 31, 1916 அன்று தொடங்கிய ஜட்லாந்து கடற்போரில் இரு தரப்பிலும் சேர்த்து 250 கப்பல்கள் ஈடுபட்டன. பிரித்தானியத் தரப்பில் 6,000க்கும் மேற்பட்டோரும் ஜெர்மானியத் தரப்பில் 2,500க்கும் மேற்பட்டோரும் இறந்தனர். வைலி இப்போரை நேரில் காணவில்லை. கிடைத்த தகவல்களையும் கப்பல்களைப் பற்றிய தம் அறிவையும் கொண்டு அதன் காட்சிகளை வரைந்தார். இவை எம். எஃப். ரென் என்பவருடன் இணைந்து வெளியிட்ட கடற்போர் நூல்களிலும் பிற இடங்களிலும் வெளிவந்தன.

நங்கூரமிட்ட போர்க்கப்பல்களின் நீர்வண்ண ஓவியங்கள்

போர்க்காட்சி ஓவியங்களே வைலிக்குப் புகழ் தந்தன. ஆயினும், அவர் கண்ணால் கண்டு வரைந்தவை பெரும்பாலும் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களையே. முதல் உலகப்போரில் பெரும் போர்க்கப்பல்கள் மோதிய நாட்கள் மிகச் சில. எதிரிக் கப்பற்படையை அதன் துறைமுகத்திலேயே முடக்கி வைப்பது பிரித்தானியாவின் உத்தியாக இருந்ததால், நான்கு ஆண்டுகளில் பெரும்பகுதியை அக்கப்பல்கள் ஸ்காப்பா ஃபுளோ, குரோமர்ட்டி, ஃபோர்த் முகத்துவாரம் ஆகிய இடங்களில் காத்திருந்தே கழித்தன. ஆகவே நங்கூரமிட்ட கப்பற்படையின் படமே அப்போரின் உண்மையான அன்றாடக் காட்சி எனலாம்.

இத்தகைய பதிவுகளுக்கு நீர்வண்ணம் ஏற்ற ஊடகமாக இருந்தது. எண்ணெய் வண்ணம் உலர நாட்கள் பிடிக்கும். பெரிய துணிச்சட்டமும் தேவை. நீர்வண்ணத்திற்குச் சிறு பெட்டியும் தாள் கட்டும் போதும். அசையும் படகிலும் வரையலாம். சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். பென்சிலால் கப்பலின் எல்லைக்கோட்டை வரைந்து, அதன்மேல் மெல்லிய சாம்பல், நீல வண்ணங்களைப் பூசுவது இவரது முறை. ஒளி விழும் இடங்களில் வண்ணம் பூசாமல் தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிடுவார். முன்புறத்தில் ஒரு மீன்பிடிப் படகோ சிறு நீராவிப் படகோ இருக்கும். பின்னால் நிற்கும் போர்க்கப்பலின் பேருருவைப் பார்ப்பவர் உணர அதுவே அளவுகோலாகிறது.

கப்பல்கள் அனைத்தும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தாலும், ஒவ்வொன்றையும் அடையாளம் காணும்படி இவர் வரைந்தார். புகைபோக்கிகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், முக்கால் கொடிமரத்தின் அமைப்பு, பீரங்கிக் கூண்டுகளின் இடம், முகப்பின் வளைவு ஆகியவற்றை மனப்பாடமாக அறிந்திருந்தார். நங்கூரமிட்ட கப்பல் அசையாமல் நிற்பதில்லை. நங்கூரச் சங்கிலியை மையமாகக் கொண்டு, காற்றுக்கும் ஓதத்திற்கும் ஏற்ப முகப்பைத் திருப்பிக்கொள்ளும். எனவே அருகருகே நிற்கும் கப்பல்கள் பொதுவாக ஒரே திசையை நோக்கி நிற்கும். கடலோடி அல்லாத ஓவியர்கள் அழகுக்காகக் கப்பல்களை வெவ்வேறு திசைகளில் நிறுத்திவிடுவதுண்டு. வைலியின் ஓவியத்தில் கப்பல்கள் நிற்கும் திசை, புகை சாயும் திசை, கொடி பறக்கும் திசை, அலைகளின் வடிவம் ஆகியன ஒன்றோடொன்று பொருந்தும்.

இவ்வோவியங்களில் காணும் அமைதி முழு உண்மை அன்று. நவம்பர் 26, 1914 அன்று, வைலி முன்பு வாழ்ந்த மெட்வே ஆற்றில், ஷீர்னஸ் அருகே நின்ற புல்வார்க் போர்க்கப்பல் வெடித்துச் சிதறியது. 700க்கும் மேற்பட்டோர் இறந்தனர். டிசம்பர் 30, 1915 அன்று குரோமர்ட்டியில் நேட்டால் கப்பலும், ஜூலை 9, 1917 அன்று ஸ்காப்பா ஃபுளோவில் வான்கார்டு கப்பலும் இவ்வாறே வெடித்தன. வான்கார்டு வெடிப்பில் மட்டும் 800க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இம்மூன்றும் எதிரியின் தாக்குதலால் நிகழ்ந்தவை அல்ல. கப்பலுக்குள் இருந்த வெடிமருந்தே காரணம். போர் முடிந்ததும் பல கப்பல்கள் உடைக்கப்பட்டன. வைலி வரைந்த பெரும் போர்க்கப்பல்களுள் எதுவும் பிரித்தானியாவில் எஞ்சவில்லை. நிறமும் ஒளியும் கடலும் சேர்ந்து அவை எவ்வாறு தோன்றின என்பதை அறிய, கருப்பு வெள்ளை ஒளிப்படங்களுக்கு அப்பால் இத்தகைய ஓவியங்களே உதவுகின்றன.

விக்டரி கப்பலின் மீட்பு

1805 டிரஃபால்கர் போரில் நெல்சன் உயிர்துறந்த விக்டரி கப்பல், போர்ட்ஸ்மவுத் துறையில் பல ஆண்டுகளாக நங்கூரமிட்டு நின்றது. 1903 இல், உடைப்பதற்காக இழுத்துச் செல்லப்பட்ட நெப்டியூன் என்னும் பழைய போர்க்கப்பல் மோதியதில் விக்டரி சேதமடைந்தது. மரம் உளுத்து, நீர் கசிந்து, கப்பல் மூழ்கும் நிலைக்கு வந்தது.

1910 இல் தொடங்கப்பட்ட கடல்சார் ஆய்வுக் கழகத்தின் தொடக்க உறுப்பினர்களுள் வைலியும் ஒருவர். கப்பலைக் காப்பாற்ற வேண்டும் என்று இவர் இடைவிடாது வலியுறுத்தினார். ஜனவரி 1922 இல் விக்டரி போர்ட்ஸ்மவுத்தின் இரண்டாம் எண் உலர்துறைக்குள் கொண்டுவரப்பட்டது. அதைச் சீரமைக்கக் கழகம் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. கப்பல் உரிமையாளரான ஜேம்ஸ் கெயர்டு 50,000 பவுண்டு வழங்கினார். சீரமைப்பு நடைபெற்ற ஆண்டுகளில் வைலி கப்பலை வரைந்தும், ஆலோசனை கூறியும் பணியாற்றினார். 1928 ஜூலையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் முன்னிலையில் சீரமைப்புப் பணியின் நிறைவு கொண்டாடப்பட்டது.

டிரஃபால்கர் அகலக்காட்சி ஓவியம்

விக்டரியைக் காண வருவோர் டிரஃபால்கர் போரை முழுமையாக உணர வேண்டும் என்று கருதிய வைலி, தமது 78 ஆம் வயதில் மிகப்பெரிய ஓவியம் ஒன்றைத் தொடங்கினார். 42 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட இந்த அகலக்காட்சி ஓவியம், பிரெஞ்சுக் கப்பல் ஒன்றின் பின்புறத்திலிருந்து பார்ப்பது போன்று அமைந்துள்ளது. வெற்றி பெற்றவர்களின் இடத்திலிருந்து அல்லாமல், எதிர்த்தரப்பின் கப்பலிலிருந்து போரைப் பார்க்கும்படி வரைந்தது குறிப்பிடத்தக்கது. 1930 இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இதைத் திறந்து வைத்தார். போர்ட்ஸ்மவுத் கடற்படை அருங்காட்சியகத்தில் இது பாதுகாக்கப்பட்டு வருகிறது.

இறப்பு

ஏப்ரல் 6, 1931 அன்று லண்டனில் வைலி காலமானார். உடல் போர்ட்ஸ்மவுத்திற்குக் கொண்டுவரப்பட்டு, கடற்படை மரியாதையுடன் இறுதிப் பயணம் நடைபெற்றது. கடற்படைப் படகு ஒன்றில் வைக்கப்பட்ட பேழையைக் கடற்சாரணர் சிறுவர்கள் துடுப்பு வலித்து, துறைமுகத்தின் நீளம் முழுவதும் கொண்டு சென்றனர். துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்கள் தம் கொடிகளைத் தாழ்த்தின. துறைமுகத்தின் வடகரையிலுள்ள போர்ட்செஸ்டர் கோட்டைக்குள் அமைந்த தூய மேரி தேவாலயத் தோட்டத்தில் இவர் அடக்கம் செய்யப்பட்டார்.

மனைவி மரியன் எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு 1935 இல் வெளிவந்தது. மகன் ஹரால்டு வைலி பழைய கப்பல்களைக் காக்கும் பணியைத் தொடர்ந்தார். அவர் பராமரித்த கப்பல்களுள் ஃபூத்ரொயான் என்பதும் ஒன்று. 1817 இல் மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட இக்கப்பலின் முதற்பெயர் டிரிங்கோமலி; இலங்கையின் திருகோணமலையைக் குறிக்கும் பெயர் அது. 1992 இல் அதே பெயர் மீண்டும் சூட்டப்பட்டது. இக்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் நகரில் காக்கப்பட்டு வருகிறது.

மதிப்பீடு

வைலி தம் வாழ்நாளில் பிரித்தானியாவின் முன்னணிக் கடல்சார் ஓவியராக மதிக்கப்பட்டார். அவரது மறைவுக்குப் பின் நவீன ஓவியப் போக்குகள் செல்வாக்குப் பெற்றதால், கலை விமர்சகர்களிடையே இவருக்குரிய இடம் குறைந்தது. இவரது ஓவியங்கள் பேரரசின் கடற்படையைப் போற்றுபவை என்பதும், புதுமையை நாடாதவை என்பதும் இவர்மீது கூறப்படும் குறைகள். இவரது கப்பல்கள் ஆள்வோரின் வலிமைச் சின்னங்களாகவே இருந்தன என்பதை மறுக்க இயலாது.

எனினும் இவரது தேம்ஸ் ஓவியங்களில் காணும் உழைப்பாளிகளும், லூசிட்டானியா ஓவியத்தில் காணும் மனிதர்களும் இவரது பார்வை பேரரசின் பெருமையோடு நின்றுவிடவில்லை என்பதைக் காட்டுகின்றன. எஃகுக் கப்பல்களின் காலத்தை இவரளவுக்கு நெருங்கிப் பதிவு செய்தவர்கள் சிலரே. அவரே தம் இறுதி ஆண்டுகளை ஒரு மரக் கப்பலைக் காப்பதற்குச் செலவிட்டார். அம்மரக் கப்பல் எஞ்சியது. எஃகுக் கப்பல்கள் தாளில் மட்டும் எஞ்சின. கிரீனிச்சில் உள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் இவரது வரைபடங்களும் நீர்வண்ண ஓவியங்களும் ஆயிரக்கணக்கில் உள்ளன. பழைய கப்பல்களின் வடிவத்தை ஆராய்வோர் அவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

முக்கிய ஆண்டுகள்

1851 - லண்டனில் பிறப்பு
1869 - டர்னர் தங்கப் பதக்கம்
1883 - தேம்ஸ் ஆறு பற்றிய பெரிய ஓவியம்
1889 - அரச கலைக்கழகத்தின் இணை உறுப்பினர்
1899 - நைல் போர் ஓவியம்
1901 - நீர்வண்ணக் கடல் ஓவியக் கையேடு
1905 - டர்னர் பற்றிய நூல்
1907 - அரச கலைக்கழகத்தின் முழு உறுப்பினர்
1914, 1916 - போரில் இரு மகன்களின் இழப்பு
1922 - விக்டரி கப்பல் உலர்துறையில் சேர்ப்பு
1930 - டிரஃபால்கர் அகலக்காட்சி ஓவியம் திறப்பு
1931 - லண்டனில் இறப்பு